பாலைவனக் குறிப்புகள் (ஒளிப்படத் தொடர்)

பாலைவனக் குறிப்புகள் என்பது டெல்லியில் வாழும் ஒளிப்படக் கலைஞர் கௌரி கில் 1999 முதல் மேற்கு ராஜஸ்தானில் எடுத்துவரும் படங்களின் பெருந்தொகுதி. ‘நோட்ஸ் ஃப்ரம் தி டெசர்ட்’ என்ற ஆங்கிலப் பெயரிலேயே உலக அரங்கில் அறியப்படுகிறது. பிகானேர், பார்மேர் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் ஜோகி நாடோடிகள், பிஷ்னோய் உழவர்கள், முஸ்லிம் குடும்பங்கள் ஆகியோரின் வாழ்க்கையே இதன் பொருள். பெரும்பகுதி கருப்பு-வெள்ளை ஃபிலிமில் எடுக்கப்பட்டு, வெள்ளி ஜெலட்டின் தாளில் அச்சிடப்பட்டது. செய்திப் படத்துக்கும் கலைக்கூடத்துப் படத்துக்கும் நடுவே இருந்த வேலி இந்தியாவில் எப்படித் தளர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கில் 1970இல் சண்டிகரில் பிறந்தவர். டெல்லி கலைக் கல்லூரியிலும் நியூயார்க்கின் பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளியிலும் பயின்றார். 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நுண்கலை முதுகலைப் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் டெல்லியில் பத்திரிகை ஒளிப்படக்காரராக வேலை பார்த்தார். ராஜஸ்தான் கிராமப் பள்ளி ஒன்றில் ஒரு சிறுமியை ஆசிரியர் அடிப்பதைக் கண்டவர், கிராமப் பள்ளியில் பெண்பிள்ளையாக இருப்பது எப்படிப்பட்டது என்பதைப் படக்கட்டுரையாகச் செய்ய விரும்பினார். அன்றைய செய்தியோடு ஒட்டாத பொருள் என்பதால் அதற்குப் பத்திரிகையில் இடம் கிடைக்கவில்லை. எனவே தானாகவே கிளம்பிப் போனார். பள்ளியைப் படமெடுக்கப் போன இடத்தில் பிள்ளைகளின் வீடுகளுக்கும், வீடுகள் வழியாக உறவுகளுக்கும் பழக்கம் நீண்டது. படக்கட்டுரையாக முடிந்திருக்க வேண்டியது இருபது ஆண்டுகளைத் தாண்டிய வேலையாக வளர்ந்தது அப்படித்தான்.

ராஜஸ்தான் என்றதும் கோட்டையும் ஒட்டகமும் செக்கச் சிவந்த தலைப்பாகையும் கண்முன் வருவதற்குச் சுற்றுலாச் சுவரொட்டிகள் மட்டும் காரணமல்ல. ரகுபீர் சிங் போன்ற பெரிய கலைஞர்களின் வண்ணப் புத்தகங்களுக்கும் அதில் பங்குண்டு. அவருடைய ராஜஸ்தான் நூல் 1981இல் வந்தது. கில்லின் படங்களில் அந்த வண்ணம் பெரும்பாலும் இல்லை. மழை பொய்த்த ஆண்டும் வெள்ளம் வந்த ஆண்டும், காசநோயும் மலேரியாவும், ஆள் போதாத பள்ளியும் நெரிசலான மருத்துவமனையும், திருமணமும் சாவும் அவற்றில் வருகின்றன. எனினும் இவை துயரத்தை மட்டும் பொறுக்கி எடுத்த படங்கள் அல்ல. மரக்கிளையில் தொங்கி விளையாடும் பிள்ளையும் கேமராவை முறைத்துப் பார்க்கும் கிழவியும் அதே தொகுதியில்தான் இருக்கிறார்கள். ஒருவரையே பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்திக்கும் வழக்கம் இந்தத் தொடருக்கு ஒரு குடும்ப ஆல்பத்தின் தன்மையைத் தருகிறது.

பெருந்தொகுதிக்குள் பல கிளைத் தொடர்கள் உண்டு. அரசுப் பள்ளிச் சுவர்களில் பாடத்துக்காக வரையப்பட்ட எழுத்துகள், வரைபடங்கள், உடலுறுப்புகள் ஆகியவற்றைப் பதிவு செய்வது ‘சுவரில் ஒரு குறி’. ‘ஜன்னத்’ என்பது பார்மேரைச் சேர்ந்த ஒரு தாயையும் மகள்களையும் பற்றியது. 1999இல் தொடங்கி 2007இல் மகள்களில் ஒருத்தியான ஜன்னத்தின் மரணத்தோடு முடிகிறது. ‘தடயங்கள்’ பாலை நிலத்துக் கல்லறைகளைக் காட்டுகிறது. கையில் அகப்பட்ட கல்லும் உடைந்த பானையும் கொண்டு உறவினர்களே அமைத்த அடையாளங்கள் அவை. பிஷ்னோய்களும் ஜோகிகளும் இறந்தோரைப் புதைக்கும் வழக்கம் உடையவர்கள் என்பதால், இந்தத் தொடரில் இந்து, முஸ்லிம் என்ற பிரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2005இல் எடுக்கப்பட்ட ‘பிறப்பு’ தொடரில் ஒரு கிராமத்து மருத்துவச்சி தன் பேரக்குழந்தை பிறக்கும் பிரசவத்தைத் தானே பார்க்கிறார். அங்கே வந்து படமெடுக்கச் சொல்லிக் கில்லை அழைத்ததும் அவரே.

இந்த அழைப்பு தற்செயலானதன்று. எதைப் படமெடுக்க வேண்டும், எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் படத்தில் இருப்பவர்களே முடிவு செய்யும் போக்கு அதற்கு முன்பே, 2003இல், ‘பாலிகா மேளா’வில் தொடங்கிவிட்டது. பிகானேர் மாவட்டத்து லூண்கரண்சரில், உர்முல் சேது என்ற தொண்டு நிறுவனம் வளரிளம் பெண்களுக்காக நடத்திய விழா அது. பால் கூட்டுறவு ஒன்றியத்திலிருந்து கிளைத்த உர்முல் அமைப்புகளில் ஒன்று அந்த நிறுவனம். விழாவுக்கு வந்த கில் அங்கே ஒரு படக்கடை போட்டார். உள்ளூர் ஸ்டூடியோவிலும் துணிக்கடையிலும் கிடைத்த திரைச்சீலைகளும் சில அலங்காரப் பொருட்களும்தான் முதலீடு. பாலைக்காற்றில் திரை அடிக்கடி சரிந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் திரை கட்டிப் படமெடுத்த ஸ்டூடியோக்காரரின் கடையைப் போன்றதே இதுவும்: விரும்பியவர் வரலாம், விரும்பியபடி நிற்கலாம், விரும்பினால் சலுகை விலையில் படத்தை வாங்கிக்கொள்ளலாம். தோழியோடு தோள்சேர்த்தும், காகிதத் தொப்பி அணிந்தும், கையில் பூவைப் பிடித்தும் பெண்கள் நின்றார்கள். சிலர் சிரிக்கவே இல்லை. அவர்களில் சிலர் பிறகு கேமராவைக் கையாளவும் கற்றுக்கொண்டனர். 2010இல் நடந்த அடுத்த விழாவில் கில் வண்ணப் படங்கள் எடுத்தார். இரண்டும் சேர்ந்து 2012இல் சூரிச்சின் எடிஷன் பாட்ரிக் ஃப்ரே பதிப்பகத்தில் நூலாயின.

ஒளிப்பட வரலாற்றில் இந்தக் கடைக்கு உள்ள முக்கியத்துவம் அதன் எளிமையால் மறைந்துபோகக் கூடியது. தெரியாமல் எடுத்தால்தான் உண்மை பதியும் என்பது ஆவண ஒளிப்படக்காரர்களின் பழைய நம்பிக்கை. பாலிகா மேளாவின் படங்கள் அனைத்தும் தெரிந்தே, நின்று, முகம் காட்டி எடுத்தவை. ஆனாலும் அந்த வட்டாரப் பெண்கள் தம்மைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஒளிந்திருந்து எடுத்த எந்தப் படத்தையும்விட அவை வலுவான சான்று.

பாலிகா மேளா திறந்த வழி பின்னர் ராஜஸ்தானைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குச் சென்றது. 2013இல் தொடங்கிய ‘பார்வைப் புலங்கள்’ (ஆங்கிலத்தில் ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் சைட்’) தொடரில், தஹாணு அருகேயுள்ள கஞ்சாட் கிராமத்து வார்லி பழங்குடி ஓவியர் ராஜேஷ் வாங்காடு பங்கேற்கிறார். அவருடைய ஊரில் அவரையே நிறுத்திக் கில் படமெடுத்தார். அச்சைப் பார்த்தபோது, வாங்காடு வழியெல்லாம் சொல்லிவந்த கதைகள் எதுவும் அதில் இல்லை என்பது தெரிந்தது. எனவே அச்சின் மேலேயே மையால் வரையும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். மலையும் வயலும் ஒளிப்படமாக இருக்க, வானத்திலும் மண்ணிலும் தெய்வங்களும் பஞ்சமும் அழிந்த காடுகளும் சிறு கோட்டுருவங்களாக நிறைகின்றன.

2015இல் தொடங்கிய ‘ஆக்ட்ஸ் ஆஃப் அப்பியரன்ஸ்’ தொடர் ஜவ்ஹார் பகுதியில் கொங்கணா, வார்லி மக்களோடு சேர்ந்து உருவானது. அங்கே போஹாடா விழாவில் தெய்வங்களின், அசுரர்களின் முகமூடிகளை அணிந்து ஆடுவது வழக்கம். காகிதக்கூழால் முகமூடி செய்யும் சுபாஷ், பகவான் தர்மா கடு சகோதரர்களிடம் தெய்வங்களுக்குப் பதிலாக இன்றைய மனிதர்களையும் விலங்குகளையும் பொருட்களையும் செய்யச் சொன்னார் கில். அவற்றை அணிந்த ஊர்க்காரர்கள் பேருந்துக்காகக் காத்திருப்பதும் கடையில் உட்கார்ந்திருப்பதும் வண்ணப் படங்களாயின. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும், பழங்குடியினரை விழாக்கோலத்தில் மட்டுமே காட்டிவந்த நூற்றாண்டுப் பழக்கத்தை இத்தொடர் கூர்மையாகக் கிண்டல் செய்கிறது.

கில்லின் மற்ற வேலைகளில், அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களைப் பற்றிய ‘தி அமெரிக்கன்ஸ்’ (2000–2007), டெல்லியில் சீக்கியர்களுக்கு எதிராக 1984இல் நடந்த படுகொலையின் எச்சங்களைப் பற்றிய ‘1984’ ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

பாலைவனப் படங்கள் பொதுப்பார்வைக்கு வந்தது தாமதமாகவே. டெல்லியின் நேச்சர் மோர்ட் கலைக்கூடத்தில் 2010இல் காட்சிப்படுத்தப்பட்டன. கில்லுக்கு 2011இல் கனடாவின் கிரேன்ஜ் பரிசு கிடைத்தது. 2017இல் டாக்குமென்டா 14லும், 2018இல் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1லும், 2019இல் வெனிஸ் பினாலேயிலும் அவரது படைப்புகள் இடம்பெற்றன. 2023இல் ‘மனிதர்’ என்ற கருப்பொருளில் அறிவிக்கப்பட்ட பத்தாவது பிரி பிக்டே பரிசு, ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க் தொகையுடன், பாலைவனக் குறிப்புகளுக்கே வழங்கப்பட்டது.

படைப்பு யாருடையது என்ற கேள்வி இத்தொடர்களை விடாமல் பின்தொடர்கிறது. கில் அதற்கு ஒரே விடை சொல்லவில்லை. ‘பார்வைப் புலங்கள்’ இருவர் பெயரில் வெளிவருகிறது. 2023இல் வந்த அதன் நூலும் அப்படியே. முகமூடித் தொடரில் கடு சகோதரர்களின் பங்கு பெயரோடு குறிப்பிடப்படுகிறது. பாலைவனக் குறிப்புகளோ இன்றும் கில் ஒருவர் பெயரில்தான் உள்ளன. லூண்கரண்சரில் தம் தோற்றத்தைத் தாமே அமைத்துக்கொண்ட பெண்களுக்கும் அப்படங்களில் படைப்புரிமை உண்டு என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் அவர்களைக் கூட்டுப் படைப்பாளிகள் என்று சொல்லும் ஏற்பாடு எதுவும் ஒளிப்படச் சந்தையில் இன்னும் உருவாகவில்லை.