பரம்படித்த பலகை

துளு நாட்டில், அதாவது கர்நாடகத்தின் தட்சிண கன்னடம், உடுப்பி மாவட்டங்களில், ‘கனெ ஹலகெ’ என்றொரு மரக்கட்டை உண்டு. அதில் இரண்டு துளைகள். எருமை ஜோடி இழுக்க, ஓட்டுபவர் கட்டையில் கால் ஊன்றி, வாலைப் பிடித்தபடி சேற்றில் பாய்வார். துளை வழியே நீர் பீய்ச்சியடிக்கும். ஆறரை கோல், ஏழரை கோல் உயரத்தில் கட்டிய துணியை அது நனைத்தால் பரிசு.

நாற்று நடுமுன் வயலில் பரம்படிப்பார்களே, அந்த வேலையின் வாரிசுதான் இது. ‘கம்பளம்’ எனப்படும் இந்த எருமை ஓட்டப் பந்தயத்தின் மற்ற பிரிவுகளிலும் வயல்வாடைதான்: அட்ட ஹலகெயில் குறுக்குப் பலகை, நேகிலுவில் இலேசான கலப்பை, ஹக்கத்தில் வெறும் கயிறு.

பழைய கம்பளத்தில் போட்டியைவிடச் சடங்கே பெரிது. எருமைகளை வயலில் ஓட்டி, பூச்சுற்றிய ‘பூகரெ’ கம்பத்தை நடுவார்கள். பரிசு தேங்காயும் வாழைக்குலையும். முந்தைய இரவு கொரகர் எனும் பழங்குடி மக்களைச் சேற்றில் ஓடவிட்ட இழிவும் அந்தச் சடங்கோடு ஒட்டியிருந்தது. ‘அஜலு’ எனப்படும் அத்தகைய வழக்கங்களை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

பிறகு இரண்டு ஜோடிகள் போட்டியிட இரட்டைத் தடம் வந்தது. தேங்காய் இருந்த இடத்தில் தங்கம் வந்தது. 2020-இல் ஐக்களாவில் எருமை ஓட்டும் ஸ்ரீநிவாஸ் கௌடா 142.5 மீட்டரை 13.62 விநாடியில் ஓட, ஊர் அவரை உசேன் போல்ட்டோடு ஒப்பிட்டது.

வழக்கும் கூடவே வந்தது. 2014-இல் ஜல்லிக்கட்டைத் தடுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2016-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கம்பளத்தை நிறுத்திவைத்தது. 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக எழுந்த மெரினா கிளர்ச்சிக்குப் பின், அதை அனுமதிக்கத் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. கர்நாடகமும் அதே வழியில் போனது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் இரு திருத்தங்களையும் ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் எருமைகள் லாரியேறி பெங்களூரு அரண்மனை மைதானம் வந்தன. அவை ஓடுவதற்கென்றே அங்கே தடம் வெட்டப்பட்டது.

பரம்படிக்க இன்று டிராக்டர் இருக்கிறது. கம்பள எருமைக்கு மிஞ்சியிருக்கும் வேலை ஓட்டம் மட்டுமே. அந்த எருமைக்குச் சாட்டையடி தேவையா என்பதுதான் எதிர்ப்பவர்களின் கேள்வி. கொரகரை ஓடவிட்ட வழக்கம் இல்லாமலேயே கம்பளம் நடக்கிறது. சாட்டை இல்லாமலும் நடக்கும்.