சிறு நிறுவனத்தின் பெருங்கொடை

இவ்வாண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் நம்மைப் பணித்தபோது நாம் தயங்கினோம். மன்னர்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் எழுதக் கற்றோர் பலர் நம் சங்கத்தில் இருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, நாகபுரியில் புகைவண்டிச் சரக்குக் கணக்கு எழுதிக் காலம் கழிக்கும் நாம் எதை எழுதுவது? அவ்வாறு எண்ணியிருந்த வேளையில் ஒரு பழைய குறுந்தகடு நினைவுக்கு வந்தது. அதன் வழியே அறிந்த வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நம் சங்கத்தின் தொடக்க நாள்களை நேரிற் கண்ட பெரியவர் ஒருவர், முதுமையிலும் கணிப்பொறி முன் அமர்ந்து, அந்நாளைய நிகழ்ச்சிகளை நாற்பது பக்க அளவில் தாமே தட்டெழுதி வைத்திருந்தார். முதற் கூட்டம் யார் வீட்டுத் திண்ணையில் நடந்தது, முதல் நூலகத்திற்கு நூல்களை யார் சுமந்து வந்தார் என்பன எல்லாம் அதில் இருந்தன. அவர் மறைந்த பின்னர்த் தாட்படி மழையில் நனைந்து அழிந்தது. எஞ்சியது குறுந்தகடு ஒன்றே. சில ஆண்டுகளுக்கு முன் அதைத் திறந்தபோது, திரையில் ஒரு தமிழெழுத்தும் தோன்றவில்லை. பொருளற்ற குறிகளே வரிசை வரிசையாக நின்றன. பெரியவரின் மகள், "அப்பா எழுதியது போயே விட்டதா அண்ணா?" என்று கேட்டார். அவ்வினாவிற்கு நம்மால் அன்று விடை சொல்ல இயலவில்லை.

அழிந்தது எழுத்தன்று, எழுத்தைப் படிக்கும் திறவுகோல் மட்டுமே தொலைந்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். அஃது எவ்வாறு என்பதை விளக்குதல் வேண்டும்.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் கொடுத்தால்தான் அது சேமிக்கும். பழைய முறையில் இவ்வெண்களுக்கு 256 இருக்கைகளே உண்டு. அவற்றுள் முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரியவை. எஞ்சியவற்றில் தமிழை அமர்த்த முயன்ற ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு அமர்த்தினர். ஒருவர் 'அ'வுக்கு வைத்த எண்ணை மற்றொருவர் 'கூ'வுக்கு வைத்தார். வேறு சிலர் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே தமிழை ஏற்றினர். ஆகவே எழுதியவரிடம் இருந்த அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தாலன்றித் தமிழ் தோன்றாது.

புகைவண்டித் துறையினர்க்கு இத்துன்பம் புதிதன்று. இந்நாட்டில் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும், 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையும், அவற்றினும் குறுகிய பாதைகளும் இருந்தன. ஒரு பாதை முடிந்து மற்றொன்று தொடங்கும் நிலையத்தில் மூட்டைகளை இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். காலமும் போகும், சரக்கும் சிதறும். 1992ஆம் ஆண்டில் ஒரே பாதைத் திட்டம் தொடங்கப்பெற்றது. நம் நாகபுரியிலிருந்து சிந்துவாடா சென்ற குறும்பாதையும் 2015ஆம் ஆண்டில் அகலமாக்குதற்காக மூடப்பெற்றதை நாம் கண்ணாரக் கண்டோம். தமிழெழுத்தும் கணிப்பொறியில் இவ்வாறே பல பாதைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்நிலையை மாற்றியவர் யாவர்? பேரரசுகளா, பெருஞ்செல்வம் படைத்த நிறுவனங்களா எனின், தொடக்கத்தில் அல்ல. தனியார் சிலரும், விரல்விட்டு எண்ணத்தக்க ஆள்களைக் கொண்ட சிறு நிறுவனங்களுமே. அவற்றுள் முன்னே வைத்து எண்ணத்தக்கது மலேசிய நாட்டு முரசு நிறுவனம்.

மலாயா மண்ணுக்கும் தமிழெழுத்துப் பொறிக்கும் உள்ள தொடர்பு பழையது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்துப் புகழ்பெற்ற ஆர். முத்தையா, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்றவரே. அவர்க்குப் பின் அரை நூற்றாண்டு கழிந்து, 1980களின் நடுவில், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் கணிப்பொறியில் தமிழை ஏற்றும் பணியைத் தொடங்கினார். அதன் விளைவே 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருள். தட்டச்சுப் பயிற்சி இல்லாதவரும், ஆங்கில விசைகளையே ஒலிப்படி தட்டினால் தமிழ் தோன்றுமாறு ஒரு முறையை அது வழங்கியது. கடல் கடந்து வாழும் தமிழர்க்கும், நம் போன்று வேற்று மாநிலத்தில் வாழ்வார்க்கும், இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

நிறுவனம் நடத்துவோர்க்கு வயிறு உண்டு. ஊதியம் கேட்கும் ஊழியர் உண்டு. எல்லாவற்றையும் வாரி வழங்கின் மறு ஆண்டு கதவை அடைக்க வேண்டியதுதான். முரசு நிறுவனத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். எல்லார்க்கும் இன்றியமையாத அடிப்படைப் பதிப்பை விலையின்றிக் கொடுத்தனர். மிகுதியான வசதிகள் கொண்ட பதிப்பை விலைக்கு விற்றனர். கொடையால் மக்கள் கூடினர். கூடிய மக்களுள் சிலர் வாங்குவோராயினர். கொடையும் வணிகமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற வரலாறு இது.

இதனினும் பெரிய கொடை ஒன்று உண்டு. அது தன் பாதையே பாதை என்று பிடிவாதம் செய்யாமை. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அவரும் தமிழைக் கணிப்பொறியில் ஏற்ற உழைத்த எழுத்தாளரே. அதே காலத்தில், பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே வாதிட்டு, ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே அமரும் 'திஸ்கி' என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களும், முத்து நெடுமாறன் அவர்களும் அவ்வுழைப்பில் பங்கு கொண்டோர். 1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையும், 'டாப்', 'டாம்' என்னும் குறியேற்றங்களும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. 2000ஆம் ஆண்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று. முரசு அஞ்சலும் தன் ஒலிமுறையோடு தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்த்து வைத்துக்கொண்டது. தன் பொருள் ஒன்றே நிலைக்க வேண்டும் என்று கருதும் வணிகர் இவ்வாறு செய்யார்.

எனினும் திஸ்கி ஒரு பாதை, டாப் ஒரு பாதை, டாம் ஒரு பாதை என்ற நிலை இருந்தது. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் போதாது என்று குறை கூறினோரும் உளர். அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் உலகெங்கும் ஓடும் பாதை அதுவாகவே, 2010ஆம் ஆண்டில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. அனைத்தெழுத்திற்கும் இடமளிக்கும் 'டேஸ் 16' என்னும் மாற்று முறையும் உடன் ஏற்கப்பெற்றது.

முரசு நிறுவனத்தின் பணி கணிப்பொறியோடு நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சிங்கப்பூரில் 'செல்லினம்' வெளியாயிற்று. அந்நாளைய கைப்பேசிகளுள் பெரும்பாலானவற்றில் தமிழெழுத்து இல்லை. ஒருங்குறியில் அனுப்பும் குறுஞ்செய்தியில் 160 எழுத்துக்கு மாறாக 70 குறிகளே அடங்கும். இத்தகைய நெருக்கடியிலும் தமிழில் செய்தி விடுக்க வழி பிறந்தது. பின்னர் ஐபோனிலும் ஆண்டிராய்டிலும் செல்லினம் விலையின்றியே கிடைத்தது. ஆப்பிள் கணிப்பொறிகளில் இடம்பெற்ற 'இணைமதி', 'தமிழ்ச் சங்கம் எம்.என்.' முதலிய எழுத்துருக்களும் முத்து நெடுமாறன் ஆக்கியவையே. தமிழோடு நில்லாமல் மலையாளம், கன்னடம், வங்காளம் முதலிய மொழிகளுக்கும் அவர் எழுத்துரு வரைந்தமை, தமிழர் பிறர்க்கும் உதவ வல்லார் என்பதற்குச் சான்று.

இவர்கள் மட்டுமே உழைத்தனர் என்று கூறின் அது நன்றி மறத்தலாகும். 'அழகி' மென்பொருள் பல்லாயிரம் பேர்க்கு எழுதக் கற்பித்தது. 'தமிழா' என்னும் தன்னார்வலர் குழு 'எ-கலப்பை'யை விலையின்றி அளித்தது. சென்னையில் கிழக்குப் பதிப்பகத்தை நடத்திய நியூ ஹொரைசன் மீடியா, நூல் விற்கும் நிறுவனமாயிருந்தும், 'என்.எச்.எம். ரைட்டர்' என்னும் எழுதியையும், பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் 'கன்வெர்ட்டர்' என்னும் கருவியையும் பொதுமக்கட்கு வழங்கியது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், இத்தகைய கருவிகளைக் கொண்டே பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் கைகளால் தட்டெழுதுவித்து உலகுக்கு ஈந்தது. ஒருவர் கருவி கொடுக்க, மற்றொருவர் அதனால் நூல் கொடுக்க, பெற்றவரே கொடுப்பவராக மாறும் சமுதாயம் இவ்வாறு உருவாயிற்று.

இனி நம் குறுந்தகட்டிற்கு வருவோம். நம் அலுவலகத்தில் பணிபுரியும் தமிழ் இளைஞர் ஒருவர் அதைப் பார்த்த அளவில், "இது திஸ்கி, ஐயா" என்றார். மேற்சொன்ன மாற்றும் கருவியில் அக்கோப்பை இட்டார். தேநீர் ஆறுவதற்குள் நாற்பது பக்கமும் தமிழாகத் திரையில் எழுந்தன. முதல் வரியில் திண்ணைக்கு உரிய வீட்டுக்காரர் பெயர் இருந்தது. பெரியவரின் மகளைத் தொலைபேசியில் அழைத்து அவ்வரியைப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இன்னொரு முறை படியுங்கள் அண்ணா" என்றார்.

அக்கருவிக்கு நாம் ஒரு காசும் கொடுத்ததில்லை. அதை ஆக்கியோர் நம்மை அறியார்; நாகபுரியில் ஒரு தமிழ்ச் சங்கம் இருப்பதையும் அறிந்திருப்பாரோ, மாட்டாரோ. சரக்குக் கணக்கில் வரவு எழுதினால் எதிரே பற்று எழுதியே தீர வேண்டும். இவ்வரவுக்கு நாம் எழுதும் பற்று யாது?

சங்கத்தார் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றோம். முதலாவது, நம் பழைய மலர்களின் கோப்புகள் எந்த எழுத்துருவில் இருப்பினும், அவற்றை இவ்வாண்டிலேயே ஒருங்குறிக்கு மாற்றி இரண்டு இடங்களில் காத்து வைத்தல். இரண்டாவது, ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் அரை மணி நேரம் தமிழ்த் தட்டெழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்குதல். நம் பிள்ளைகள் இந்தியும் மராத்தியும் விரைந்து எழுதுகின்றனர். தாத்தாவுக்குச் செய்தி விடுக்கும்போது மட்டும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். விசைப்பலகை கையிலேயே இருக்கின்றது. காட்டிக் கொடுப்பார்தாம் இல்லை. மூன்றாவது, இலவசமாகப் பெற்ற கருவிகளை ஆக்கியோர்க்குச் சங்கத்தின் பெயரால் தமிழில் ஒரு நன்றி மடல் விடுத்தல்.

முதற் பணியை அலுவல் முடிந்த மாலை வேளைகளில் செய்து தர நாம் இசைகின்றோம். பழைய தகடுகளோ கோப்புகளோ வைத்திருக்கும் அன்பர்கள், அவை பழுதென்று எறிந்துவிடாமல் விழா நாளன்று கொண்டு வந்து தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!