நம் வீட்டுச் சரித்திரம்

34 ஆண்டுகள் பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாள் பத்தாம் வகுப்பில், இராசேந்திர சோழனின் தந்தை யார் என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'இராசராசன்' என்றது. பாட்டனார் யார் என்றேன். ஐந்தாறு பேர் 'சுந்தர சோழன்' என்றனர். "மிக நன்று. இனி உங்கள் பாட்டனாரின் பாட்டனார் யார் என்று சொல்லுங்கள்" என்றேன். வகுப்பு வாய் மூடிக்கொண்டது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தங்களுக்குத் தெரியுமா?" என்று பணிவோடு கேட்டான். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால், அவருடைய மனைவியாரின் பெயர்? அது தெரியாது என்பது அக்கணத்திலேதான் எனக்கு உறைத்தது. மணி அடித்தது, தப்பித்தேன்.

பாட்டனின் தந்தையைப் பூட்டன் என்றும், பூட்டனின் தந்தையை ஓட்டன் என்றும் அழைத்தனர் நம் முன்னோர். முறைப்பெயர்கள் மொழியில் இருக்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் நம் நினைவில் இல்லை. நீத்தார் கடன் செய்வோர் பலரும் மூன்று தலைமுறைப் பெயர்களையே சொல்லுகின்றனர். அதற்கு அப்பால் இருள்தான்.

வீட்டுச் செய்திகள் எல்லாம் சரித்திரம் ஆகுமோ என்று நீங்கள் ஐயுறலாம். புதுச்சேரியில் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமக்கெனத் தினசரிக் குறிப்பு எழுதி வந்தார். எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன சொன்னார், எவர் வீட்டில் என்ன விசேடம் என்பனவெல்லாம் அதில் உண்டு. அவர் மறைந்த பின், அக்குறிப்பேடுகள் ஏறக்குறைய 85 ஆண்டுகள் அவருடைய வழியினரின் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கல்லுவா மோன்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அவற்றை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுவோர் எவரும் அதனைத் தொடாமல் எழுத முடியாது. அவ்வீட்டார் ஒரு போகிப் பண்டிகையன்று பரணைச் சுத்தம் செய்து பழைய தாள்களைத் தீயில் இட்டிருந்தால்? எண்ணவே நடுக்கமாக இருக்கிறது.

என் வீடு அத்துணைப் பெரிய வீடன்று. செங்கற்பட்டுப் பகுதியில் ஒரு சிற்றூர். எங்கள் குடும்பத்தில் வழிவழியாக ஒரு செய்தி உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் ஓட்டனார் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தாராம்; சென்னையில் கால்வாய் வெட்டுவித்த மேஸ்திரியாக இருந்தாராம்; நூறு ஆட்கள் அவர் சொல்லுக்கு அடங்கி நின்றனராம். சிறுவயதில் இக்கதையைக் கேட்டு நாங்கள் மார்பு விம்முவோம்.

ஓய்வு பெற்ற ஆண்டில் இக்கதையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினேன். தாது வருஷம் என்பது 1876-77. பருவமழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட காலம் அது. அப்பஞ்ச நிவாரண வேலையாகவே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. அப்பொழுது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரையே கால்வாய்க்கு இட்டனர். நிவாரணக் கூலியை எவ்வளவு குறைக்கலாம் என்று ஆராய வந்த ரிச்சர்டு டெம்பிள் என்பவர், நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சில காசும் போதும் என்றார். மண் சுமக்கிறவனுக்கு அது எப்படிப் போதும் என்பதை அவர் சுமந்து பார்த்திருந்தால் அறிந்திருப்பார். ஆகவே, வீட்டுக் கதையில் பஞ்சமும் மெய், கால்வாயும் மெய். மேஸ்திரி மட்டும் எஞ்சி நின்றார்.

எங்கள் மரப்பெட்டியின் அடியில் ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. 'விக்கிரம வருஷம் தை மாதம்' என்று அதில் எழுதியிருந்தது. நம் தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் வருவன ஆதலால், பெயரை மட்டும் கொண்டு காலத்தைத் துணிய இயலாது. 1820இலும் விக்கிரம வருஷம் பிறந்தது, 1880இலும் பிறந்தது, 1940இலும் பிறந்தது. முத்திரைத் தாளில் விக்டோரியா அரசியாரின் தலை இருந்தமையால் நடுவில் உள்ளதே நமக்கு உரியது. சித்திரையில் பிறந்த ஆண்டின் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் ஆகையால், பத்திரத்தின் காலம் 1881. தேர்வில் இப்படி ஒரு கணக்குக் கொடுத்திருந்தால் என் மாணவர்கள் என்னை வைதிருப்பார்கள். எனக்கோ அன்றிரவு உறக்கமே வரவில்லை.

உறக்கம் வராமைக்கு வேறொரு காரணமும் உண்டு. பழைய பத்திரங்களில் ஒருவர் பெயரை அடுத்து அவருடைய தொழிலையும் எழுதுவது வழக்கம். எங்கள் ஓட்டனார் பெயருக்குப் பின்னே 'கூலி ஜீவனம்' என்று இருந்தது. மேஸ்திரி என்ற சொல்லே அதில் இல்லை.

என் சிறிய தகப்பனாரிடம் காட்டினேன். அவருக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என்னப்பா, படித்தவன் செய்கிற காரியமா இது? பேரன் பேத்திகளுக்கு இதையா சொல்லப் போகிறாய்?" என்றார். "சித்தப்பா, பஞ்சத்துக்குத் தப்பி வந்து, மண் சுமந்து, நான்கே ஆண்டுகளில் ஒரு மனை வாங்கியிருக்கிறாரே, அதைத்தான் சொல்லப் போகிறேன்" என்றேன். அவர் விடை சொல்லவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவும் இல்லை. பின்பு ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் படியும் மரக்காலும் புத்தகங்களும் வைப்பதற்கு முன்பு, தேய்ந்துபோன ஒரு மண்வெட்டியை நடுவில் வைத்துச் சந்தனம் இடுவது வழக்கம். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. அன்று அதனைத் தம் கையாலேயே துடைத்து வைத்த சித்தப்பா, என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அம்மண்வெட்டி கால்வாயில் மண் வெட்டியதுதான் என்பதற்குச் சான்று இல்லை. என் குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டார் சொல்வது ஒரு பக்கம், பத்திரம் சொல்வது எதிர்ப்பக்கம். இரண்டையும் கலந்து எழுதலாகாது.

முதியோரிடம் கேட்கும்பொழுது, 'எந்த ஆண்டு?' என்று கேளாதீர்கள். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முன்னா பின்னா, மூத்தவன் பிறக்கும் முன்னா பின்னா என்று கேளுங்கள். உங்கள் கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்து கொள்ளுங்கள். பழைய நிழற்படங்களின் பின்புறத்தில், இருப்பவர் பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். கிழிந்த பத்திரத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டிவிடாதீர்கள். அப்பசை தாளைத் தின்றுவிடும். இத்தவறு என் கையாலேயே ஒரு முறை நிகழ்ந்தது.

இனி அந்த மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1911இல் எழுதிய எங்கள் குடும்பப் பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்றும் அப்பெட்டியில் இருந்தது. 'எங்கள் தாயாருக்கு அன்ன வஸ்திரத்துக்காக ஆண்டுதோறும் ஆறு கலம் நெல்' என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருக்கின்றனர். பஞ்சத்தில் குழந்தையை இடுப்பில் சுமந்து வந்த அந்த அம்மையார்தாம் அத்தாயார். நெல்லின் அளவு இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

1860இல் 'டுருரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அக்கப்பல்களின் பட்டியல்களில் ஒவ்வொருவர் பெயரும், தந்தை பெயரும், ஊரும், வயதும், உடலில் உள்ள தழும்பும்கூடக் குறிக்கப்பட்டுள்ளன. பெண்களுக்கும் தனித்தனி எண் உண்டு, பெயர் உண்டு. அவற்றைக் கொண்டே அங்குள்ள பேரப்பிள்ளைகள் தம் மூதாதையரின் ஊர்களைத் தேடி இங்கே வருகின்றனர். எங்கள் அம்மையார் கப்பலேறவில்லை, ஊரிலேயே தங்கிவிட்டார். அதனால் அவரை எவரும் எழுதிக் கொள்ளவில்லை. இறப்புப் பதிவுகளில் தேடினேன். அக்காலத்துப் பதிவேடு கிடைக்கவில்லை.

என் பாட்டியார் 1914இல் அவ்வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அந்த அம்மையாரோடு நான்கு ஆண்டுகள் ஒரே அடுப்பில் சமைத்தவர். 1979 வரை உயிரோடு இருந்தார். நான் பட்ட வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, "அந்தக் கிழவி இருந்தாளே" என்று தொடங்குவார். மொகலாய வரி முறையைப் படிக்க வேண்டும் என்று நான் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

என் குறிப்பேட்டில் ஐந்து தலைமுறைக்கு மரம் வரைந்திருக்கிறேன். அதன் உச்சியில், ஓட்டனாரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இதுவரை ஒன்றும் எழுதவில்லை. வட ஆர்க்காட்டுப் பக்கம் எங்கள் உறவின் கிளை ஒன்று இருப்பதாகச் சென்ற தை மாதம் ஒருவர் சொன்னார். அங்கே தொண்ணூறு வயதுப் பாட்டியார் ஒருவர் இருக்கிறாராம். வருகிற வாரம் போகிறேன்.