மியூனிக் நகரின் கணினிகள்

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது ஒரு நிறுவனத்தின் உடைமை. அதன் மூலநிரலைப் பிறர் திருத்த இயலாது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸோ, எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வளர்ந்தது. அத்தகைய இயங்குதளம் அலுவலக மேசைகளில் நிலைபெறுமா? இவ்வினா எழும்போதெல்லாம் என் எண்ணம் ஜெர்மனியின் மியூனிக் நகரையே நாடுகிறது.

அந்நகராட்சியின் கணினிகள் ஏறத்தாழ 14,000. அவற்றில் இயங்கிய விண்டோஸ் என்.டி.க்குரிய ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தவிருந்தது. மாறியே தீர வேண்டிய நிலை. அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் தாமே சென்று மேயரைச் சந்தித்தார். ஆயினும் 2003 மே மாதத்தில் நகர மன்றம் லினக்ஸையே தேர்ந்தது. பணச் சிக்கனத்தைக் காட்டிலும், ஒரே நிறுவனத்தைச் சார்ந்திராத நிலையையே மன்றம் பெரிதென மதித்தது.

‘லிமக்ஸ்’ எனப் பெயர் பெற்ற அப்பணி எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு துறையும் தனக்கெனப் படிவங்களும் கணினிப் பிரிவும் வைத்திருந்தது. படிவங்களை ஒழுங்குபடுத்த நகராட்சியே ‘வோல்மக்ஸ்’ என்னும் மென்பொருளை ஆக்கி, அதையும் உலகுக்குப் பொதுவாக்கியது. பத்தாண்டு உழைப்பின் பயனாக, 2013 இறுதிக்குள் பெரும்பாலான கணினிகள் லினக்ஸுக்கு மாறின.

பின்னர்க் காற்று திசை மாறியது. 2014-இல் புதிய மேயர் பொறுப்பேற்றார். வெளியாரோடு ஆவணங்களைப் பரிமாறுவதில் இடர் என ஊழியர் சிலர் முறையிட்டனர். நகராட்சி அமர்த்திய ஆலோசகர்கள் 2016-இல் நிருவாக அமைப்பின் குறைகளையே பெரிதும் சுட்டினர். எனினும் 2017-இல் மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. 2020-இல் அமைந்த புதிய கூட்டணியோ, இயன்றவிடத்துத் திறந்த மூல மென்பொருளுக்கே முதலிடம் என மீண்டும் உறுதி கூறியது.

இவ்வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் கருத்து இதுவே: லினக்ஸால் ஒரு பெருநகரின் அன்றாட அலுவலை நடத்த இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. தளர்ந்தது, ஆட்சி மாறினும் அதனைப் பேணும் உறுதியே. அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், 2024-இல், தன் 30,000 கணினிகளுக்கு இவ்வழியையே அறிவித்தது. அம்முயற்சி வெல்ல வேண்டுமானால், நிரலைத் திருத்துவதற்கு முன் நிருவாகத்தைத் திருத்த வேண்டும். உரிமை இலவசமாகக் கிடைக்கலாம். அதைக் காக்கும் உழைப்பு நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.