ஆமணக்கெண்ணெய் மணக்கும் கார்கள்

நைற்றோ கார் எண்டு சொன்னவுடன கனபேருக்கு நினைவு வாறது, சினிமாவில் ஒரு பொத்தானை அமத்தினதும் பறக்கிற கார்தான். அது நைற்றஸ் ஒக்சைட், வேறு சாமான். மிச்சப்பேர் பற்றரி போட்டு ஓடுற றிமோட் காரை நினைப்பினம். நாங்கள் இங்கே கதைக்கப்போவது இரண்டையும் பற்றி அல்ல. இது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடின நீளமுள்ள மொடல் கார். றேடியோவால் இயக்குவது. ஆனால் உள்ளே இருப்பது பிஸ்ரன், சிலிண்டர், காபரேற்றர், சைலன்சர் எல்லாம் உள்ள உண்மையான ரூ ஸ்ரோக் எஞ்சின். பெரிய போட்டிக் கார்களில் அதன் கொள்ளளவு 3.5 சீசீ. ஒரு தேக்கரண்டி தண்ணீர்கூட அதற்குள் முழுதாக அடங்காது. அப்படிப்பட்ட எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 தடவைக்கு மேல் சுழலும். வீட்டு வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிள் பத்தாயிரத்தைத் தொடுவதே பெரிய காரியம்.

அது குடிக்கிற எரிபொருளும் விசித்திரமானது. பெற்றோல் ஒரு சொட்டும் இல்லை. மெதனோல், நைற்றோமெதேன், ஒயில், இவ்வளவுதான். அந்த ஒயிலில் ஒரு பங்கு பல காலமாகவே ஆமணக்கெண்ணெய். ஓம், பேதிக்குக் குடிக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் துரத்தின அதே எண்ணெய்தான். முதலாம் உலகப் போர்க் காலத்து விமான எஞ்சின்கள் பலவும் அதில்தான் ஓடின. மெதனோலோடு நன்றாகக் கலக்கும், சூடு எல்லை மீறினாலும் உலோகத்தில் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் அதை இலேசில் கைவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. நைற்றோ கார் ஓடுகிற இடத்தில் மூக்கில் முதலில் ஏறுவது அந்த மணம்தான்.

இந்தக் கார்களின் வரலாற்றைத் தேடிப்போனால், ஓட்டினவர்களைவிடக் கழற்றிப் பூட்டினவர்களைத்தான் கூடுதலாகச் சந்திக்க வேண்டியிருக்கிறது. வேகம் பற்றிக் கதைக்க ஆட்கள் இருக்கினம். நாங்கள் கழற்றிப் பூட்டினவர்களின் பக்கம் போகிறோம்.

கதை காரில் தொடங்கவில்லை, மொடல் விமானத்தில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பில் பிரவுண் என்ற இளைஞர் ஒரு குட்டிப் பெற்றோல் எஞ்சினைச் செய்தார். அதுவரை மொடல் விமானம் என்றால் முறுக்கின றப்பர் பட்டியில் பறப்பது. பிரவுணின் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு மக்ஸ்வெல் பாசெற் 1933இல் தேசியப் போட்டிக்குப் போய், றப்பர்காரர்களை நிலத்தில் விட்டுவிட்டு வெற்றிகளை அள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் அந்த எஞ்சின் 'பிரவுண் ஜூனியர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

விமானத்துக்குச் செய்த எஞ்சினைக் காருக்குள் வைத்துப் பார்க்க ஆட்களுக்குக் கனகாலம் எடுக்கவில்லை. 30களின் கடைசியில் கலிபோர்னியாவில் அது ஒரு பைத்தியமாகவே பரவியது. ஆனால் றேடியோ இல்லை. காரை ஒரு கம்பியால் நடுத்தூணில் கட்டி விடுவார்கள். செக்கு மாடு மாதிரி வட்டத்தில் ஓடும், ஆனால் செக்கு மாட்டின் வேகத்தில் அல்ல. டூலிங் சகோதரர்கள் செய்த கார்கள் அந்தக் காலத்தில் பேர் போனவை. இந்த விளையாட்டு இன்னும் சாகவில்லை. ஐரோப்பாவில் இன்றைக்கும் வட்டத்தடங்கள் இருக்கின்றன, 10 சீசீ கார்கள் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டி ஓடுகின்றன. அவ்வளவு வேகத்தில் கார் கண்ணுக்கே ஒழுங்காகத் தெரியாது.

அந்தக் கார்களில் ஒரு பெரிய தலையிடி இருந்தது. பெற்றோலை எரிக்கப் பொறி வேண்டும். பொறிக்குக் கொயில், கொண்டென்சர், பற்றரி எல்லாம் வேண்டும். ஒரு கை அடங்கிற எஞ்சினை ஓட்ட இவ்வளவு சுமையையும் கார் காவ வேண்டியிருந்தது. இதைத் தீர்த்தவர் றே ஆர்டன். 1947 கடைசியில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'குளோ பிளக்' ஒரு சின்னப் பிளக்தான். உள்ளே பிளாற்றினம் கம்பிச் சுருள் ஒன்று, அவ்வளவே. தொடக்கத்தில் மட்டும் வெளியில் இருந்து ஒன்றரை வோல்ற் பற்றரியைத் தொட்டுப் பிடித்தால் சுருள் செந்தணலாகும். எஞ்சின் பிடித்தவுடன் பற்றரியை எடுத்துவிடலாம். மெதனோல் ஆவி பிளாற்றினத்தில் படும்போது அங்கேயே தாக்கம் நடந்து சூடு பிறக்கும். அந்தச் சூடும், முந்தின வெடிப்பில் மிஞ்சின சூடும் சேர்ந்து கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும். பிறகு கொயிலும் வேண்டாம், காவுற பற்றரியும் வேண்டாம். எங்களைக் கேட்டால் இந்த முழு வரலாற்றிலும் ஆக அழகான சாமான் இந்த விரல்நுனியளவு பிளக்தான்.

நைற்றோமெதேன் சேர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்த மூலக்கூறு தனக்குத் தேவையான ஒட்சிசனில் ஒரு பகுதியைத் தானே காவிக்கொண்டு வரும். ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மெதனோலுக்கு 6.5 கிராம் அளவில் போதும். நைற்றோமெதேனுக்கு வெறும் 1.7. சிலிண்டருக்குள் போகிற காற்று எவ்வளவு என்பது மாறாது. ஆகவே குறைந்த காற்றில் எரிகிற எரிபொருளை அதே காற்றோடு கூடுதலாக உள்ளே தள்ளலாம். சக்தி கூடுவது அப்படித்தான். இளம் வயதுக்காரர் வேதியியல் பாடத்தில் நித்திரை கொள்ளாமல் இருந்திருந்தால் இது விளங்கும்!

றேடியோவின் கதை தனி. நிக்கொலா தெஸ்லா 1898இலேயே நியூ யோர்க்கில் ஒரு படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். ஆனால் வால்வுகள் போய் ட்ரான்சிஸ்ரர் வந்து, கையைத் திருப்பின அளவுக்கே சில்லும் திரும்பக்கூடிய கருவி கட்டுப்படியாகிற விலைக்கு வர 1960கள் ஆயிற்று. 1966இல் இத்தாலியின் எல்-ஜி கொம்பனி பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு ஃபெராரியைச் செய்து விற்றது. அது பற்றரிக் கார். அதற்குச் சில வருடங்களுக்குள் எஞ்சின்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் லெஸ்ரரில் மார்டேவ் என்ற சின்னக் கொம்பனி. அமெரிக்காவில் அசோசியேற்றட், தோர்ப், டெல்ற்றா போன்றவை. இந்த அமெரிக்கக் கொம்பனிகளில் பல, அதற்கு முன் தவாளிப்புத் தடத்தில் ஓடுகிற 'ஸ்லொற் கார்' செய்தவை. 60களின் கடைசியில் அந்த மோகம் படுத்துவிட்டது. கையில் வேலை தெரிந்த ஆட்களும் இயந்திரங்களும் சும்மா கிடந்தன. அந்தச் சும்மா கிடந்த கைகளில்தான் எட்டில் ஒரு பங்கு நைற்றோ கார் பிறந்தது. 1967இல் அமெரிக்காவில் போட்டிகளுக்கென்று றோர் என்ற சங்கமும் வந்துவிட்டது.

விமான எஞ்சினைக் காருக்குள் வைப்பது லேசான வேலை இல்லை. விமானத்தில் முன்னால் சுழல்கிற காற்றாடியே எஞ்சினைக் குளிர வைக்கும். காரில் அது இல்லை. ஆகவே எஞ்சின் தலையில் பெரிய அலுமினியச் செதில்கள் முளைத்தன. விமானத்துக்குக் கிளச் தேவையில்லை. கார் நிற்கும்போதும் எஞ்சின் ஓடவேண்டும் என்பதால் சுழற்சி வேகத்தில் தானாக விரிந்து பிடிக்கிற கிளச் வந்தது. பிறகு பிரேக், தூசுக்கு வடி, நிறையைக் குறைக்கப் பொலிகாபனேற் உடல். ஒவ்வொன்றும் ஆரோ ஒருவர் தன் வீட்டுக் கராஜில் மூக்குடைபட்ட பிறகு வந்த திருத்தம். 1977இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் உலகப் போட்டி நடக்கும் அளவுக்கு விசயம் வளர்ந்தது. பிறகு யப்பான்காரர் வந்தார்கள். ஒசாகாவில் 1936இல் இருந்தே மொடல் எஞ்சின் செய்துவந்த ஓ.எஸ்., பிறகு கியோஷோ. மண்ணில் பாய்ந்து ஓடுகிற பகி கார்கள் தார்த்தடக் கார்களைப் பின்னுக்குத் தள்ளின. பகிப் பந்தயத்தின் இறுதிச்சுற்று ஒரு மணித்தியாலம். தாங்கியில் பிடிப்பது 125 மில்லிலீற்றர்தான். ஆகவே பத்து நிமிடத்துக்கு முன்னமே உள்ளே வந்து நிரப்பிக்கொண்டு ஓட வேண்டும். றேடியோ பிடிப்பவர் மேடையில் நிற்பார், கீழே நிரப்புகிறவரின் கை நடுங்கினால் பந்தயம் போச்சு.

இனிப் பராமரிப்புக்கு வருவோம். புது எஞ்சினைக் கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணப் பார்த்தால் பிஸ்ரன் மேலே போய் இறுகி நிற்கும். கனபேர் பழுது எண்டு நினைத்துப் பயந்துபோவினம். பழுதில்லை. சிலிண்டரின் மேற்பக்கத்தை வேண்டுமென்றே ஒரு மயிரிழை ஒடுக்கமாகச் செய்திருப்பார்கள். பிஸ்ரனுக்கு வளையம் கிடையாது. சூடேறும்போது சிலிண்டர் விரிந்து, பிஸ்ரனோடு சரியாகப் பொருந்தும். அதனால் சிலர் குளிரான எஞ்சினைத் தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கிவிட்டுத்தான் இழுப்பார்கள். முதல் சில தாங்கி எரிபொருளை ஓட்டப் பொறுமை வேண்டும். எரிபொருளைக் கூட்டி, புகை தள்ள விட்டு, மெதுவாக ஓட்டி, நிற்பாட்டி, ஆறவிட்டு, திரும்ப ஓட்ட வேண்டும். ஆறவிடும்போது பிஸ்ரனைக் கீழே இறக்கி வைக்க மறந்தால், சுருங்கிற சிலிண்டர் அதைக் கவ்விப் பிடித்துவிடும்.

அதற்குப் பிறகு ஊசிகள். காபரேற்றரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்க இரண்டு ஸ்குரூ, ஒன்று வேகமாக ஓடும்போது, மற்றது மெதுவாக ஓடும்போது. எட்டில் ஒரு பங்கு திருப்பினாலே எஞ்சினின் குரல் மாறும். எரிபொருள் கூடினால் இருமும், புகைக்கும், இழுவை இருக்காது. குறைந்தால் குரல் கூர்மையாகி, கார் பறக்கும். அந்தப் பறப்பில் மயங்கினவர்கள்தான் எஞ்சினைத் தின்றவர்கள். எரிபொருளோடு கலந்து வருகிற ஒயில்தான் உள்ளே ஒரே வழுக்கி. எரிபொருளைக் குறைத்தால் ஒயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்ரன் உரசும். பழைய கைகள் சூட்டுமானி இல்லாமலே எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். சில செக்கனில் கொதித்து வற்றினால் சரி. தொட்டவுடன் ஆவியானால் உடனே நிற்பாட்டு. சும்மா கிடந்தால் இன்னும் எரிபொருள் கூட. காலையில் வைத்த ஊசி மத்தியான வெயிலுக்குச் சரிவராது, திரும்பத் தொட வேண்டும்.

ஓடி முடிந்தாலும் வேலை முடியாது. மெதனோல் ஈரத்தை இழுக்கும். நைற்றோமெதேன் எரிந்த மிச்சம் அமிலமாகும். அப்படியே வைத்தால் ஒரு மாதத்தில் பெயாரிங் துருவேறிவிடும். ஆகவே தாங்கியை வடித்து, மிச்சத்தை எரித்து முடித்து, உள்ளே ஒயில் விட்டுச் சுழற்றி வைக்க வேண்டும். மெதனோலோடு விளையாட்டும் கூடாது. அது எரிகிற சுவாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போனால் கண்பார்வையையே பறிக்கும்.

இதையெல்லாம் வாசிக்கையில் எங்களுக்கு நினைவு வந்தது எங்கட அப்பாமார் சொல்லுற கதைதான். 90களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடின காலம். குளிரான எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடாகும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்று, பிறகு மண்ணெண்ணெயைத் திறப்பார்கள். எந்தச் சத்தத்தில் திறப்பது என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழகினார்கள். மொடல் கார் ஓட்டின அமெரிக்கனுக்கு அது பொழுதுபோக்கு, எங்கட ஆட்களுக்கு அது ஆசுபத்திரிக்குப் போகிற வழி. இரண்டையும் ஒன்று எண்டு சொல்ல மாட்டோம். ஆனால் காது பழகின விதம் ஒன்றுதான்.

நைற்றோவின் பொற்காலம் 1999இல் ட்ரக்சாஸ் கொம்பனியின் ரி-மக்ஸ் வந்த பிறகு என்று சொல்லலாம். பூட்டி முடித்த பெரிய சில்லு ட்ரக். கயிறு இழுக்கத் தேவையில்லை, பொத்தானை அமத்தினால் ஸ்ராட். மொடல் கடைக்கு முன்பின் போகாத ஆட்களும் வாங்கினார்கள். எங்கட பார்வையில் சரிவும் அங்கேதான் ஒளிந்திருந்தது. பெட்டியைத் திறந்தவுடன் ஓட்டலாம் எண்டு விற்ற காரை, பெட்டியைத் திறந்தவுடன் ஓட்டி, முதல் நாளே எஞ்சினைச் சுட்டவர்கள் எத்தனையோ பேர். பராமரிக்கத் தெரியாதவனுக்கு நைற்றோ கார் வெறும் ஏமாற்றம். அடுத்த சில வருடங்களில் பிரஷ் இல்லாத மோட்டரும் லிதியம் பொலிமர் பற்றரியும் வந்தன. சத்தமில்லை, ஊசியில்லை, துருவில்லை, வேகம் மட்டும் அதைவிடக் கூட. அயல்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்யவும் வழியில்லை. ஆட்கள் மாறினது நியாயம்தான். நாங்களாயிருந்தாலும் மாறியிருப்பம்.

பற்றரியிடம் தோற்ற நைற்றோவுக்கு அடுத்த அடி சட்டத்தில் இருந்து வந்தது. நைற்றோமெதேன் வெடிபொருள் செய்யவும் உதவும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இன் ஒழுங்குவிதியில், பொதுமக்கள் அனுமதி இல்லாமல் வாங்கக்கூடிய அளவை 30 வீதத்தோடு நிறுத்தியது. 2021 பெப்ரவரியில் இருந்து அது 16 வீதம். பாதுகாப்பின் பெயரில் பொருட்களைப் பட்டியல் போடுவது எங்களுக்குப் புதிதில்லை. வடக்குக்குக் கொண்டுபோகக்கூடாத சாமான்களின் பட்டியலில் பெற்றோலும் ரோச் பற்றரியும் இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கினம். ஐரோப்பியப் பட்டியல் ஒரு பொழுதுபோக்கைத் தொட்டது, எங்கட பட்டியல் சோற்றையும் மருந்தையும் தொட்டது. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஒப்பிடக்கூடாது.

16 வீதத்துக்கு ஐரோப்பியப் பந்தயக்காரர் செய்த வேலை இதுதான். நைற்றோ குறைந்தால் எரிபொருளைக் கொஞ்சம் கூட நெருக்கலாம். ஆகவே எஞ்சின் தலையின் ஸ்குரூக்களைக் கழற்றி, அடியில் இருக்கிற கடதாசித் தடிப்பான வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டு, திரும்பப் பூட்டி, ஊசிகளைப் புதிதாக வைத்தார்கள். பிறகு எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள்.