ஆறு மடங்கு எதுக்கு?

பத்து டன் தாங்க வேண்டிய கம்பியை அறுபது டன் தாங்குற மாதிரி செஞ்சா, காசைக் கரியாக்குறதாத்தானே தோணும்? நியூயார்க்ல இருக்கிற புரூக்ளின் பாலத்தோட கதை வேற மாதிரி சொல்லுது மக்களே.

பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங் 1869-லயே இறந்துட்டார். வேலையை எடுத்து நடத்தினவர் மகன் வாஷிங்டன். பாலத்தைத் தூக்கிப் பிடிக்கிற நாலு வடங்களுக்கும் தேவையைப் போல ஆறு மடங்கு பலம் இருக்கணும்ங்கிறது கணக்கு. கம்பி சப்ளை செஞ்சவர் லாயிட் ஹேய். சோதனையில தேறின நல்ல கம்பியை வழியிலேயே இறக்கிட்டு, கழிச்சுப் போட்ட கம்பியை ஏத்தி அனுப்பிட்டிருந்தாங்க அவர் ஆளுங்க. 1878-ல குட்டு உடைஞ்சப்போ, மோசமான கம்பி வடத்துக்குள்ள போயாச்சு. பிரிச்சு எடுக்க வழியில்லை.

வாஷிங்டன் திரும்பவும் கணக்குப் போட்டார். ஆறு மடங்கு அஞ்சா குறைஞ்சிருந்தது. ஆனாலும் தாங்கும்! ஒவ்வொரு வடத்துலயும் 150 கம்பியைக் கூடுதலா சேர்த்தாங்க, ஹேய் செலவுலயே. 1883 மே 24-ல பாலம் திறந்தாச்சு. அந்த மட்டமான கம்பி இன்னிக்கும் உள்ளேதான் இருக்கு. பாலமும் நிக்குது.

காத்தையும் பாரத்தையும் கணக்குப் போட்டுடலாம். அடுத்தவன் திருட்டுத்தனத்துக்கு எந்த ஃபார்முலா இருக்கு? அந்த உபரி பலம் அதையும் சேர்த்துத்தான் தாங்கிச்சு. 'இவ்ளோ எதுக்கு, கொஞ்சம் குறைங்களேன்'னு யாராவது சொன்னா, ஹேயை ஞாபகப்படுத்துங்க.