உறக்கத்தில் மூச்சைக் காக்கும் இரசாயனம்

உறங்கும்போது சிலருக்கு மூச்சு அடிக்கடி தடைப்படுவதற்கு மூளை இரசாயனங்களில் ஏற்படும் மாற்றமும் ஒரு காரணம். அவற்றுள் முக்கியமானது நோர்அட்ரினலின்.

விழித்திருக்கையில் நாக்கு, தொண்டைத் தசைகள் தளராமல் இருக்க இது உதவுகிறது. உறக்கத்தில் இதன் அளவு குறைகிறது. கனவுகள் மிகும் உறக்கநிலையில் இதன் சுரப்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. தசைகள் தளர்வதால், குறுகிய மூச்சுக்குழல் உள்ளவர்களுக்கு அது அடைபடுகிறது. மூளை விழித்து மூச்சை மீட்கிறது, உறக்கம் கலைகிறது.

ஆனால் இந்த இரசாயனம் உறக்கத்தில் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்ற அளவில் அலைபோல ஏறி இறங்குவதை, டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழுவினர் 2022இல் சுண்டெலிகளில் கண்டறிந்தனர். இந்த அலை இரத்த நாளங்களைச் சுருக்கி விரித்து, மூளைக் கழிவுகளை அகற்றத் துணைபுரிவதாக 2025இல் அவர்கள் தெரிவித்தனர். சோல்பிடெம் என்ற தூக்க மருந்து தரப்பட்ட சுண்டெலிகளில் அலையும் கழிவகற்றலும் குறைந்தன.

நோர்அட்ரினலினைக் கூட்டும் அடோமொக்செட்டினை ஆக்சிபியூட்டினினுடன் சேர்த்துக் கொடுத்தபோது மூச்சுத்தடை வெகுவாகக் குறைந்ததாக 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறியது. மூச்சுக்கு இதன் உயர்வு நன்மை. மூளைக்கோ இதன் ஏற்ற இறக்கம் தேவை. இரண்டையும் காப்பதே சிகிச்சை முன்னுள்ள சவால்.